வாத்தியாருக்கு ஒரு சமர்ப்பணம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் செயலாளர் கேட்டதும், ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ஒரு புத்தகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அனாட்டமி பரீட்சைக்கு முதல் நாள் இரவுகூட அதைப் படித்தவர்கள் நம் பேட்ச்சில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

1892-ல் வெளிவந்த 'ஷெர்லக் ஹோம்ஸின் சாகசங்கள்' தான் அந்தப் புத்தகம். மொத்தம் பன்னிரண்டு கதைகள். கதைகளை எல்லோரும் படித்தோம். சமர்ப்பணப் பக்கத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எழுதியவர் அந்தப் புத்தகத்தைத் தன் மருத்துவக் கல்லூரி வாத்தியாருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். பழைய மாணவர்கள் கூடும் இந்த நேரத்தில் அந்தக் கதையைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஆர்தர் கானன் டாயில் 1859 மே 22-ந் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர், நல்ல ஓவியர். ஆனால் குடி அவரை அழித்துவிட்டது. குடும்பத்தைத் தாங்கியவர் தாயார். கதை சொல்லும் ஆசையைப் பிள்ளைக்கு ஊட்டியவரும் அந்த அம்மாள்தான். 1876-ல் டாயில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

அங்கேதான் ஜோசப் பெல்லைச் சந்தித்தார். பெல் ஒரு சர்ஜன். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவன் என்ன தொழில் செய்கிறான், எங்கிருந்து வருகிறான் என்று சொல்லிவிடுவாராம். டாயிலை அவர் தன் அவுட் பேஷண்ட் பிரிவில் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார். நோயாளிகளை விசாரித்து, குறிப்பெடுத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் வேலை. நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது செய்தோமே, கிட்டத்தட்ட அதுதான்!

ஒருநாள் ஒருவன் உள்ளே வந்தான். இவன் ராணுவத்திலிருந்து சமீபத்தில் விலகியவன், பார்படாஸ் தீவில் இருந்தவன் என்று பெல் சொல்லிவிட்டார். மரியாதையாக நடந்துகொண்டும் அவன் தொப்பியைக் கழற்றவில்லை. அது பட்டாளத்துப் பழக்கம். விலகி வெகுநாளாகியிருந்தால் அந்தப் பழக்கம் போயிருக்கும். வந்த வியாதியோ யானைக்கால். ஸ்காட்லாந்தில் அது ஏது? மேற்கிந்தியத் தீவுகளில் உண்டு. அவ்வளவுதான் விஷயம். யானைக்காலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் தொப்பியைக் கவனிக்க ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது.

1881-ல் பட்டம் வாங்கிய டாயில், மறு வருஷம் போர்ட்ஸ்மத் நகரின் சௌத்ஸீ பகுதியில் போர்டு மாட்டினார். பிராக்டீஸ் மெதுவாகத்தான் வளர்ந்தது. ஓய்ந்த நேரத்தில் பேனாவை எடுத்தார். முதல் ஹோம்ஸ் நாவல் 1887-ல் வந்தது; முழு உரிமைக்கும் சேர்த்துக் கிடைத்தது வெறும் 25 பவுன். 'மைக்கா கிளார்க்', 'ஒயிட் கம்பெனி' என்ற சரித்திர நாவல்கள்தான் அவருக்கு நாவலாசிரியர் என்ற மதிப்பைத் தந்தன. 1891-ல் வியன்னா போய்க் கண் மருத்துவ வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு, லண்டனில் கண் டாக்டராக அறை எடுத்தார். ஒரு நோயாளிகூட வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த வருஷம் ஜூலையில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஹோம்ஸ் சிறுகதைகள் தொடங்கின. நாடே அவரைப் படித்தது. வைத்தியத்தை அதோடு விட்டார்.

அந்தப் பன்னிரண்டு கதைகளை இப்போது டாக்டர் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறார். உட்கார வைத்து, பேசவிட்டு, ஹோம்ஸ் கவனிக்கிறார். பிறகு நேரில் போய்ப் பரிசோதனை. கடைசியில் டயக்னோஸிஸ். நம் கேஸ் ஷீட் அப்படியே! சில கதைகளில் குற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமே கிடையாது. கல்கத்தாவில் பிராக்டீஸ் செய்துவிட்டுத் திரும்பிய டாக்டர் ஒருவர்தான் ஒரு கதையில் கொலைகாரர். அவர் வளர்க்கும் பாம்பு பால் குடிக்கிறது, விசிலுக்குத் திரும்பி வருகிறது. அதை மட்டும் நம் ஊர்ப் பாம்புகள் ஒத்துக்கொள்ளாது!

1892-ல் டாயில் பெல்லுக்குக் கடிதம் எழுதி, ஹோம்ஸ் உருவானதே அவரால்தான் என்று ஒப்புக்கொண்டார். பெருமை முக்கால்வாசி மாணவனுடையதே என்று பெல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சுவாரஸ்யமான கதை. ஆனால் அந்தப் பாடம் பின்னால் ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றியது.

ஜார்ஜ் எடல்ஜி இளம் வக்கீல். அவருடைய தகப்பனார் பம்பாயிலிருந்து போய் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பாதிரியாராக இருந்த பார்ஸி. கிரேட் வைர்லி என்ற அந்த ஊரில் 1903-ல் இரவு நேரங்களில் குதிரைகளையும் மாடுகளையும் யாரோ வெட்டினார்கள். பழி எடல்ஜி மேல் விழுந்தது. ஏழு வருஷத் தண்டனை. மூன்று வருஷத்துக்குப் பிறகு காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே விட்டார்கள். குற்றவாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. வக்கீல் தொழிலும் போயிற்று.

1906-ல் டாயிலின் முதல் மனைவி காசநோயில் இறந்தார். மனம் ஒடிந்திருந்த சமயத்தில் இந்த வழக்கு கண்ணில் பட்டது. எடல்ஜியைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். அங்கே அவர் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில், பக்கவாட்டில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். டாயிலுக்கு அது போதும். எட்டு டயாப்டர் கிட்டப்பார்வை! இப்படிப்பட்டவர் மழை பெய்த இருட்டில் ரயில் பாதையைக் கடந்து, வயலுக்குப் போய், குதிரையை வெட்டிவிட்டுத் திரும்பினாரா? 1907 ஜனவரியில் பத்திரிகையில் எழுதினார். மே மாதம் மன்னிப்பு வந்தது, நஷ்டஈடு வரவில்லை. எடல்ஜி மறுபடி வக்கீலானார். அந்த வருஷமே இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

கண் டாக்டராக அவருக்கு லண்டனில் நோயாளியே வரவில்லை என்றேன். ஒருவர் வந்தார் என்றுதான் நான் சொல்வேன். கொஞ்சம் தாமதமாக, ஹோட்டல் கூடத்தில்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் காலத்தில் அவர் ஆவியுலக நம்பிக்கையில் மூழ்கினார். காட்டிங்லியில் இரண்டு பெண்பிள்ளைகள் எடுத்த தேவதைப் படங்களை நிஜம் என்று 1920-ல் எழுதினார். அவை காகிதத்தில் வெட்டிய பொம்மைகள் என்பதை 1983-ல், பாட்டிகளான பிறகு, அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு பழகிய கண்ணாக இருந்தாலும், தான் பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்தால் ஏமாறும். இதுவும் நமக்கு ஒரு பாடம்தான்.

டாயில் 1930 ஜூலை 7-ல் காலமானார். பெல் 1911-லேயே போய்விட்டார். ஆனால் சமர்ப்பணம் அச்சானபோது அதைப் படிக்க வாத்தியார் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் இருந்தார்.

நம் வாத்தியார்களில் சிலர் இந்தச் சந்திப்புக்கு வருவார்கள். சிலரால் வர முடியாது. நாம் புத்தகம் எழுத வேண்டாம். ஒரு கார்டு போட்டால் போதும். விலாசம் வேண்டுமென்றால் செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.