பிஸ்மார்க்கும் 1887 ஆம் ஆண்டின் தேர்தற் கூட்டும்

மாணவர்களே, பிஸ்மார்க் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருபவை மூன்று போர்களும் 1871 இல் ஏற்பட்ட ஜேர்மனிய ஐக்கியமுமே ஆகும். அதில் தவறில்லை. ஆயினும் ஜேர்மனியை ஐக்கியப்படுத்த அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவான காலமே தேவைப்பட்டது. ஐக்கியப்பட்ட ஜேர்மனியை அவர் நிருவகித்ததோ பத்தொன்பது ஆண்டுகள். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளைத்தான் பலர் படிக்காமல் விட்டுவிடுகின்றனர். 1890 இல் பிஸ்மார்க் பதவியிழந்தது ஏன் என்று வினவினால், இளம் மன்னருடன் ஏற்பட்ட பிணக்கினால் என ஒரு வரியில் விடை எழுதி முடிப்பார்கள். அவ்விடை பிழையன்று; ஆனால் அது பாதி விடையே. மீதிப் பாதியை அறிய வேண்டுமாயின் 1887 ஆம் ஆண்டில் மூன்று வலதுசாரிக் கட்சிகள் செய்துகொண்ட தேர்தற் கூட்டினை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இளமையும் எழுச்சியும்

ஒட்டோ வொன் பிஸ்மார்க் 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி பிரஷ்யாவிலுள்ள ஷோன்ஹவுசன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தை யுங்கர் எனப்பட்ட நிலவுடைமைப் பிரபுக்கள் குலத்தவர். தாயோ அரசாங்க உத்தியோகத்தரின் மகள், கல்வியில் நாட்டமுடையவர். கோட்டிங்கன், பேர்லின் பல்கலைக்கழகங்களிற் சட்டம் பயின்ற பிஸ்மார்க், அரசாங்க சேவையிற் சிறிது காலம் இருந்துவிட்டு அதில் வெறுப்புற்று, குடும்பத்தின் பண்ணைகளைப் பார்க்கச் சென்றார். 1847 இல் ஜொஹன்னா வொன் புட்காமரை மணந்தார். அதே ஆண்டிலேயே பிரஷ்ய மக்கள் மன்றத்தில் அங்கத்துவமும் பெற்றார்.

1851 முதல் பிராங்பேர்ட்டிலும், பின்னர் இரஷ்யாவிலும் பிரான்சிலும் பிரஷ்யாவின் பிரதிநிதியாகக் கடமையாற்றியமை அவருக்கு ஐரோப்பிய அரசியலைக் கற்பித்தது. 1862 இல் இராணுவச் செலவு தொடர்பாக மன்னர் முதலாம் வில்லியத்திற்கும் பிரஷ்யப் பாராளுமன்றத்திலிருந்த தாராண்மைவாதிகளுக்கும் இடையே பெரும் முரண்பாடு நிலவியது. அவ்வேளையிலேயே பிஸ்மார்க் முதலமைச்சராக அழைக்கப்பட்டார். பாராளுமன்றம் அங்கீகரிக்காத வரவுசெலவுத் திட்டத்துடனேயே அவர் ஆட்சி நடத்தினார். டென்மார்க் (1864), ஒஸ்திரியா (1866), பிரான்ஸ் (1870-71) ஆகியவற்றுடனான போர்களை நீங்கள் அறிவீர்கள். 1871 ஜனவரி 18 ஆம் திகதி வேர்சேய் மாளிகையில் முதலாம் வில்லியம் ஜேர்மனியப் பேரரசராகப் பிரகடனப்படுத்தப்பட்டார். பிஸ்மார்க் பேரரசின் முதலாவது சான்சலரானார்.

அவர் தந்த வாக்குரிமை

இங்கு ஒரு முக்கிய விடயத்தைக் கவனியுங்கள். மக்களாட்சியை விரும்பாத இந்தப் பிரபுவே, ரைக்ஸ்டாக் என்ற பேரரசுப் பாராளுமன்றத்திற்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் யாவருக்கும் இரகசிய வாக்குரிமையை வழங்கினார். கிராமத்து விவசாயிகள் தமது நிலவுடைமையாளர் சொற்படியே வாக்களிப்பர், நகரத்துத் தாராண்மைவாதிகள் தோற்பர் என்பது அவரது கணிப்பாகும். கணிப்பு ஓரளவுக்கே பலித்தது. நகரங்களும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, அதே வாக்குரிமை கத்தோலிக்கரின் மத்திய கட்சிக்கும் தொழிலாளரின் சமூக சனநாயகக் கட்சிக்கும் ஆசனங்களைப் பெற்றுக்கொடுத்தது.

சான்சலரைப் பதவி நீக்கும் அதிகாரம் ரைக்ஸ்டாக்கிற்கு இருக்கவில்லை. அவரை நியமிப்பவரும் நீக்குபவரும் பேரரசரே. எனினும் சட்டங்களுக்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் ரைக்ஸ்டாக்கின் அங்கீகாரம் தேவைப்பட்டது. ஆகவே பிஸ்மார்க்கிற்கு எப்போதும் ஒரு பெரும்பான்மை வேண்டியிருந்தது. ஆனால் அவர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். 1870களில் தேசிய தாராண்மைக் கட்சியின் துணையுடன் கத்தோலிக்க திருச்சபையுடன் மோதினார். அம்மோதலினால் மத்திய கட்சி தேயவில்லை, வளர்ந்தது. 1878 இல் பேரரசரின் உயிருக்கு இரு தடவை குறிவைக்கப்பட்டதைக் காரணமாகக் காட்டி சமூக சனநாயகவாதிகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். 1879 இல் இறக்குமதித் தீர்வைகளை விதித்தபோது தாராண்மைவாதிகளிற் பலர் அவரைவிட்டு விலகினர். சுகவீனக் காப்புறுதி (1883), விபத்துக் காப்புறுதி (1884) என்பவற்றால் தொழிலாளரை அரசின் பக்கம் ஈர்க்க முயன்றார். இக்காப்புறுதிகள் உலகிற்கே முன்மாதிரியாயின என்பது உண்மை. ஆனால் அவர் எதிர்பார்த்த வாக்குகள் அவற்றால் வந்து சேரவில்லை. 1884 ஆம் ஆண்டுத் தேர்தலில், மொத்தம் 397 ஆசனங்களில், பிற்காலக் கூட்டில் இணைந்த மூன்று கட்சிகளும் சேர்ந்து 157 ஆசனங்களையே பெற்றிருந்தன.

கூட்டு உருவாதல்

1886 நவம்பரில் பிஸ்மார்க் இராணுவத்தை ஏறத்தாழ பத்திலொரு பங்கினால் அதிகரித்து, அதற்கான செலவை ஏழு ஆண்டுகளுக்கு ஒரே தடவையில் அங்கீகரிக்குமாறு கோரினார். அப்போது நடைமுறையிலிருந்த இராணுவச் சட்டம் 1888 வரை செல்லுபடியாகும். அவ்வாறாயின் இத்தனை அவசரம் எதற்கு? பிரான்சில் யுத்த அமைச்சராக விளங்கிய ஜெனரல் பூலாஞ்சே பழிவாங்கும் போரை விரும்புகிறார் என்பதே வெளியிற் கூறப்பட்ட காரணம். உண்மையான காரணத்தை அரண்மனையிலேதான் தேட வேண்டும். பேரரசர் தொண்ணூறு வயதை அண்மித்திருந்தார். பட்டத்து இளவரசர் பிரெடரிக் தாராண்மைக் கருத்துடையவர். பிரித்தானிய மகாராணி விக்டோரியாவின் மகளை மணந்தவர். அவர் அரியணை ஏறினால் தாராண்மைவாதிகளைக்கொண்ட அமைச்சரவையை அமைத்துத் தம்மை வெளியேற்றிவிடுவார் எனப் பிஸ்மார்க் அஞ்சினார். தமக்குச் சார்பான ரைக்ஸ்டாக் ஒன்று இருந்தால் புதிய பேரரசரால் அது எளிதாக இயலாது.

எதிர்க்கட்சிகள் கேட்ட படையினர் தொகையை மறுக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகளுக்கு அங்கீகாரம் தருவதாகவே கூறின. அதாவது பிணக்கு படையைப் பற்றியதன்று, பாராளுமன்றத்தின் உரிமையைப் பற்றியதாகும். பிஸ்மார்க் இணங்கவில்லை, 1887 ஜனவரி 14 ஆம் திகதி ரைக்ஸ்டாக் கலைக்கப்பட்டது. பிஸ்மார்க் விரும்பியது மூன்று ஆண்டு இணக்கத்தையன்று, தேர்தலையே என்று கருத இடமுண்டு.

இந்நிலையிலேயே மூன்று கட்சிகள் ஒன்றிணைந்தன. ஒன்று, யுங்கர்களின் பழைமைவாதக் கட்சி. மற்றொன்று, சுதந்திரப் பழைமைவாதிகள் எனப்பட்ட, பிஸ்மார்க்கின் கொள்கைகளை ஏற்ற பிரபுக்களும் தொழிலதிபர்களும் உயர் உத்தியோகத்தரும். மூன்றாவது, ஒரு காலத்திற் பாராளுமன்ற உரிமைக்காகக் குரல்கொடுத்துப் பின்னர் வலதுபுறம் சாய்ந்த தேசிய தாராண்மைக் கட்சி. இக்கூட்டு கார்ட்டெல் என அழைக்கப்பட்டது. தமக்குள் போட்டியிடுவதில்லை என வியாபார நிறுவனங்கள் செய்துகொள்ளும் உடன்பாட்டிற்கு இன்றும் இச்சொல்லே வழங்குகிறது. இந்தக் கட்சிகள் செய்ததும் அதுவேயாகும்.

அன்றைய தேர்தல் முறையை அறிந்தால்தான் கூட்டின் பயன் புரியும். தொகுதி ஒன்றுக்கு ஒரு பிரதிநிதி. அளிக்கப்பட்ட வாக்குகளில் அரைவாசிக்கு மேற் பெற்றவரே முதற் சுற்றில் வெல்வார். எவரும் அவ்வாறு பெறாவிடின் முதலிரு இடங்களைப் பெற்றவர்களுக்கிடையே இரண்டாம் சுற்று நடைபெறும். ஒரு தொகுதியில் மூன்று வலதுசாரி வேட்பாளர்கள் நின்றால் வாக்குகள் மூன்றாகப் பிரியும்; மூவரும் இரண்டாம் சுற்றுக்கே தெரிவாகாமற் போகலாம். ஆகவே ஏற்கெனவே இவற்றில் ஒரு கட்சியின் வசமிருந்த தொகுதியில் மற்ற இரண்டும் போட்டியிடுவதில்லை எனவும், ஏனைய தொகுதிகளில் வெல்லக்கூடிய ஒருவரையே மூன்று கட்சிகளும் ஆதரிப்பதெனவும் உடன்பட்டன. பொதுக் கொள்கைத் திட்டம் எதுவும் இவற்றை இறுகப் பிணைக்கவில்லை. ஏழாண்டு இராணுவச் சட்டமும் பிஸ்மார்க்கின் பெயருமே பிணைப்பாக இருந்தன.

தேர்தற் காலம் முழுவதும் போர் அச்சம் பரப்பப்பட்டது. பெப்ரவரியில் 70,000 இற்கு மேற்பட்ட சேமப் படையினர் பயிற்சிக்கென அழைக்கப்பட்டமை வாக்காளரை மேலும் கலங்கச் செய்தது. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ மூலமாகவும் மத்திய கட்சிக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டது. பாப்பரசரின் விருப்பத்தைத் தெரிவித்த கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்தபோதும், கட்சித் தலைவர் வின்தோர்ஸ்ட் இராணுவ விடயம் சமய விடயமன்று என்ற நிலைப்பாட்டில் உறுதியாக நின்றார். அவரது கட்சி 99 ஆசனங்களிலிருந்து 98 ஆக மாத்திரமே குறைந்தது.

1887 பெப்ரவரி 21 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் முன்னொருபோதும் இல்லாதவாறு முக்கால் பங்கிற்கு மேற்பட்ட வாக்காளர் வாக்களித்தனர். கூட்டுக் கட்சிகள் 220 ஆசனங்களைப் பெற்றன. இதில் தேசிய தாராண்மைக் கட்சியின் ஆசனங்கள் 51 இலிருந்து 99 ஆக உயர்ந்தன. மேலும் ஒரு விடயம்: கூட்டுக் கட்சிகள் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ நூற்றுக்கு 47 வீதமே. பாதிக்குக் குறைந்த வாக்குகளுடன் பாதிக்கு மேற்பட்ட ஆசனங்கள் கிடைத்தன. சமூக சனநாயகக் கட்சியின் வாக்குகள் கூடியிருந்தும் அதன் ஆசனங்கள் 24 இலிருந்து 11 ஆக வீழ்ந்தன. தேர்தலில் வெல்வது வேறு, மக்களைத் தம் பக்கம் திருப்புவது வேறு என்பது இவ்வெண்களிலிருந்து உங்களுக்குத் தெரியவரும்.

கூட்டின் உடைவு

மார்ச் மாதத்தில் இராணுவச் சட்டம் நிறைவேறியது. ரைக்ஸ்டாக்கின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீடிக்கப்பட்டது. 1889 இல் முதுமை, இயலாமைக் காப்புறுதிச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் எந்த அச்சத்தினாற் கூட்டு அமைக்கப்பட்டதோ அந்த அச்சம் எதிர்பாராத வகையில் மறைந்தது. 1888 மார்ச் 9 ஆம் திகதி முதலாம் வில்லியம் இறந்தார். பேரரசரான பிரெடரிக் தொண்டைப் புற்றுநோயினாற் பேசவும் இயலாதிருந்தார். 99 நாட்களே ஆண்டு, ஜூன் 15 ஆம் திகதி காலமானார். அவரது மகன் இரண்டாம் வில்லியம் 29 வயதில் அரியணை ஏறினார்.

புதிய பேரரசர் கார்ட்டெல் கூட்டினை விரும்பினார் என்பதே இக்கதையின் விசித்திரமாகும். அதனைக் காப்பாற்ற முனைந்தவர் பேரரசர், கைவிட்டவர் பிஸ்மார்க். சமூக சனநாயகவாதிகளுக்கு எதிரான சட்டத்தை நிரந்தரமாக்கும் மசோதா 1890 ஜனவரியில் இறுதிக் கட்டத்தை அடைந்தது. அரசியற் செயற்பாட்டாளரை அவர்கள் வாழும் இடத்திலிருந்து வெளியேற்றும் பிரிவை நீக்கினால் ஆதரிப்போம் என்றது தேசிய தாராண்மைக் கட்சி. அரசாங்கம் விரும்புவதாகச் சைகை காட்டினாலன்றி அப்பிரிவற்ற சட்டத்தை ஏற்கமாட்டோம் என்றனர் பழைமைவாதிகள். தேர்தலுக்கு முன் கூட்டு உடையக்கூடாது எனப் பேரரசர் விட்டுக்கொடுக்கச் சொன்னார். பிஸ்மார்க் மறுத்தார், சைகையும் காட்டவில்லை. ஜனவரி 25 ஆம் திகதி பழைமைவாதிகளும் எதிர்த்து வாக்களிக்க, மசோதா 169 இற்கு 98 என்ற கணக்கிற் தோல்வியடைந்தது. மோதல் முற்றினால் தாமின்றி ஆட்சி நடவாது என அவர் எண்ணியிருக்கலாம்.

பிளவுபட்ட நிலையில் 1890 பெப்ரவரி 20 ஆம் திகதி தேர்தலைச் சந்தித்த மூன்று கட்சிகளும் 135 ஆசனங்களுக்கு வீழ்ச்சியுற்றன. இம்முறை அச்சுறுத்துவதற்குப் பூலாஞ்சேயும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒடுக்கப்பட்ட சமூக சனநாயகக் கட்சி 14 இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, வாக்குத் தொகையில் முதலிடத்தை அடைந்தது. ஆயினும் அதற்குக் கிடைத்தவை 35 ஆசனங்களே. 106 ஆசனங்களுடன் மத்திய கட்சி மிகப் பெரிய கட்சியானது.

பெரும்பான்மையை இழந்த பிஸ்மார்க், தாம் பல ஆண்டுகள் பகைத்த வின்தோர்ஸ்டையே மார்ச் 12 ஆம் திகதி சந்தித்தார். மத்திய கட்சியும் பழைமைவாதிகளும் இணைந்த புதிய கூட்டொன்று அவரது நோக்கமாக இருந்தது. பழைமைவாதிகள் இதனை விரும்பவில்லை. தமக்கு அறிவிக்காமற் கட்சித் தலைவரைச் சந்தித்ததையிட்டுப் பேரரசர் சினமுற்றார். அமைச்சர்கள் பேரரசரை நேரிற் சந்திப்பது பற்றிய பழைய கட்டளை ஒன்றும் பிணக்கை வளர்த்தது. மார்ச் 18 ஆம் திகதி பிஸ்மார்க் பதவி விலகற் கடிதத்தை எழுதினார். இரு நாட்களில் அது ஏற்கப்பட்டது. இளம் மன்னருடனான பிணக்கு என நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனையும் உள்ளது. ரைக்ஸ்டாக்கில் 220 அங்கத்தவர்கள் பின்னால் நின்றிருந்தால் இரண்டாம் வில்லியம் அவ்வளவு எளிதில் அவரை அனுப்பியிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற பிஸ்மார்க் ஹம்பேர்க்கிற்கு அண்மையிலுள்ள பிரீட்றிக்ஸ்றூவில் வாழ்ந்து, தமது நினைவுகளை நூலாக எழுதினார். 1891 இல் நடந்த ஓர் இடைத்தேர்தலில் தேசிய தாராண்மைக் கட்சியினர் அவரை வேட்பாளராக நிறுத்தினர். பேரரசை உருவாக்கிய அம்மனிதருக்கு முதற் சுற்றில் அரைவாசி வாக்குகள் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில், சமூக சனநாயகக் கட்சி வேட்பாளரான ஒரு சுருட்டுத் தொழிலாளியுடன் போட்டியிட்டே அவர் வென்றார். ஆனால் ரைக்ஸ்டாக்கில் அந்த ஆசனத்தில் அவர் ஒருநாளும் அமரவில்லை. 1898 ஜூலை 30 ஆம் திகதி, தமது 83 ஆவது வயதில், பிரீட்றிக்ஸ்றூவில் காலமானார்.