சேர் பொன். இராமநாதனும் 1915 ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும்

கல்லூரி விழா மலர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைப் பற்றி எழுதுவோர், அவர் எழுப்பிய கல்விக்கூடங்களையும் ஆலயத்தையும் எடுத்துரைத்துப் போற்றுவது வழக்கம். அது தக்கதே. எனினும், சம்பூரிற் பிறந்து, மூதூர்த் துறையிற் படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்து கல்வி பயின்ற நாம், அப்பெருமகனாரது வாழ்வின் வேறொரு பகுதியையே ஈண்டு நினைவுகூர விரும்புகின்றோம். அரசு இயற்றும் சட்டம் குடிமகனின் உயிரையும் உடைமையையும் காக்க வல்லது; அவற்றைப் பறிக்கவும் வல்லது; பறித்தபின் நீதிமன்றத்தின் வாயிலை அடைக்கவும் வல்லது. இவ்வுண்மையை இந்நாட்டில் அச்சமின்றி எடுத்துரைத்தவர்களுள் இராமநாதன் முன்நின்றவர். எம்மூராரோ அதனைப் பட்டு அறிந்தவர்கள்.

இராமநாதன் 1851 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று, நியாயவாதியாகிப் புகழ் பெற்றார். 1879 இல் சட்டநிரூபண சபையிற் தமிழ்ப் பிரதிநிதியானார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றினார். ஆகவே அரசின் பக்கம் நின்று சட்டத்தை ஆளும் முறையை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். 1911 இல், படித்த இலங்கையருக்கென வழங்கப்பட்ட ஒரே தொகுதியிற் போட்டியிட்டு, டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ அவர்களை வென்று மீண்டும் சபை புகுந்தார். தமிழரான அவருக்குச் சிங்கள வாக்காளரும் பெருவாரியாக ஆதரவு நல்கினர். அப்போது அவருக்கு வயது அறுபது.

1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் விரைவிற் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம் மக்கள் உயிரிழந்தனர். அவர்தம் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிவுற்றன. அத்தகைய கலகத்தை அடக்குதல் அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. தேசாதிபதி சேர் றொபேட் சால்மேர்ஸ் ஜூன் 2 ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 ஆம் நாள் வரை, ஏறத்தாழ மூன்று திங்கள், நீடித்தது.

அந்நாட்களில் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். டி. எஸ். சேனநாயக்க, எவ். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ மன்றின் தீர்ப்பின்படி ஜூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கலகத்தால் நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யவென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கலகத்திற் பங்குகொண்டவர், கொள்ளாதவர் என்ற வேறுபாடின்றி அவ்வவ்விடத்துச் சிங்கள மக்கள்மீது அதன் சுமை வீழ்ந்தது. இவற்றுக்கெல்லாம் முடிவாக, அதே ஆண்டு ஆகஸ்டில் இலண்டனிலிருந்து மன்னரின் ஆணையொன்று பிறந்தது. இராணுவச் சட்ட காலத்தில் நன்னோக்குடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அதிகாரிகள்மீது வழக்குத் தொடர இயலாதென அவ்வாணை விதித்தது. மகனை இழந்த தாய் நீதி கேட்டுச் செல்வதற்கு வாயில் இல்லாமற் போயிற்று.

இந்நிலையிலேதான் இராமநாதன் சட்டநிரூபண சபையில் எழுந்து பேசினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசைக் குறை கூறுவோர் துரோகிகள் எனக் கருதப்பட்ட வேளை. சிறைப்பட்டோர் அவருடைய இனத்தவர் அல்லர். வாய் மூடி இருந்திருப்பின் எவரும் அவரைக் குறை சொல்லியிரார். அவரோ, கலகம் அடங்கிய பின்பும் இராணுவச் சட்டம் நீடித்ததன் நியாயத்தை வினவினார். ஊர்தோறும் நடந்த கொடுமைகளைச் சான்றுகளோடு அடுக்கிக் காட்டினார். அவற்றை நூலாக எழுதி 1916 இல் இலண்டனில் வெளியிட்டார். சால்மேர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். சேர் ஜோன் அண்டர்சன் புதிய தேசாதிபதியாக வந்தார். இராமநாதன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது வரலாறு.

பெரியோர் வாழ்க்கையை எழுதுங்கால் நிறையை மட்டுமே எழுதுதல் முறையன்று. கலகத்தில் நலிவுற்ற முஸ்லிம்களின் துயருக்கு அவர் பேச்சில் உரிய இடம் கிடைக்கவில்லை என்னும் மனக்குறை அச்சமூகத்தாரிடம் நெடுங்காலம் நிலவிற்று. மூதூரில் அவர்களோடு அடுத்தடுத்து வாழும் நாம் அதனை மறைத்தல் ஆகாது. மேலும், டொனமூர் ஆணைக்குழு 1928 இல் வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபோது, இராமநாதன் அதனை எதிர்த்தார். சிறைக்கூடத்துச் சிங்களவரின் உரிமைக்காக வாதாடியவர், தம் சமூகத்துப் பெண்களுக்கும் ஏழை எளியோர்க்கும் வாக்குரிமை வழங்க இசையவில்லை. 1930 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலேயே அவ்வாக்குரிமையுடன் தேர்தல் நடைபெற்றது. அவர் இதிற் பிழைத்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆயினும் 1915 இல் அவர் எழுப்பிய வினா அவரோடு மறைந்துவிடவில்லை. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டிலே, 1947 இல், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அவசரகால ஒழுங்குவிதிகள் ஏனைய சட்டங்களுக்கு மேற்பட்டு நிற்கவும், அவற்றின்கீழ் நன்னோக்குடன் செய்யப்படுபவற்றுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. 1977 ஆகஸ்ட் மாத நிகழ்ச்சிகள் தொடர்பில் 1982 இல் ஓர் இழப்பெதிர்காப்புச் சட்டம் வந்தது. 1988 இல் அதன் காலம் மேலும் நீட்டப்பட்டது. ஆட்சி மாறியது, 1915 இல் நாம் கண்ட சட்ட வடிவம் மாறவில்லை.

எம்மூர்க் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2006 ஏப்பிரல் இறுதியிற் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் வீடு, வயல், பத்திரகாளி அம்பாள் கோயில் அனைத்தையும் விட்டு வெளியேறினர். 2007 மே 30 ஆம் நாள், அவசரகால ஒழுங்குவிதியொன்றினால், மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டன. உறுதிப் பத்திரம் கையில் இருக்க, காணிக்குள் கால் வைத்தல் குற்றமாயிற்று. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைப்பறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் எம்மவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். பின்னர் அந்நிலத்தின் ஒரு பகுதி கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. 2015 இல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்ட பின்னரே மீள்குடியேற்றம் பெருமளவிற் தொடங்கிற்று. கடற்படை வசமிருந்த நிலம் 2016 இல் மீண்டது. குழந்தைகளாய் வெளியேறியவர்கள் வாலிபராய்த் திரும்பினர்.

மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியும், இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாய் விளங்கும் பரமேசுவராக் கல்லூரி வளாகமும், கொழும்புப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக் கருங்கற்றிருப்பணியும் அவர் பெயரைக் காத்து நிற்கும். மாணவர்களுக்கு நாம் சொல்ல விழைவது வேறொன்று. உங்களுட் சிலர் நாளை சட்டத்தரணிகளாவீர்கள். சிலர் கச்சேரியிற் கோப்புகளை நடத்துவீர்கள். சிலர் சட்டமியற்றும் மன்றிலும் அமர்வீர்கள். ஒரு சட்டம் உங்கள் முன் வரும்போது, அதனாற் துன்புறுவோன் எந்த நீதிமன்றத்திற் சென்று முறையிடலாம் என்று முதலிற் கேளுங்கள். துன்புறுவோன் வேற்றினத்தவனாயினும் கேளுங்கள். இராமநாதன் 1915 இற் கேட்டார். 1928 இற் கேட்கத் தவறினார். இவ்விரண்டும் நமக்குப் பாடமாகுக.