நெசவாளர்களிடம் பயின்ற பேராசிரியர்

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் நான் மிகவும் போற்றிய ஆசான் ஆர்.எச்.டானி. 1880-இல் கல்கத்தாவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். 1908 முதல் இங்கிலாந்தின் ராச்டேல், லாங்டன் நகரங்களில் நெசவாளர்களுக்கும் மட்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வகுப்பெடுத்தார். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில உழவர்களின் நிலப் பிரச்சினையை 1912-இல் நூலாக்கியபோது, ஏடுகள் தராத பாடங்களை அம்மாணவர்களின் வாதங்கள் தந்தன என்று முன்னுரையில் பதிவுசெய்தார். பேராசிரியர்களாகிய எங்களில் எத்தனை பேருக்கு அந்த மனம் வாய்க்கும்?

முதல் உலகப் போரில் அதிகாரிப் பதவியை ஏற்காமல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜென்ட் ஆனார். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் குண்டடிபட்டு, களத்திலேயே நெடுநேரம் கிடந்தார்.

1909-இல் அவர் மணந்த ஜெனட், வில்லியம் பெவரிட்ஜின் சகோதரி. 1958-இல் மனைவி மறையும்வரை நீடித்தது அந்த இல்லறம். 1931-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியரான பின்னரும், தொழிலாளர் கல்விச் சங்கத் தலைமையை 1944 வரை டானி விடவில்லை.