தமிழும் சிங்களமும் கற்ற புனிதர்



ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16ஆம் நாள் இலங்கைத் திருச்சபை புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாளைச் சிறப்பிக்கின்றது. அவர் தமிழரின் புனிதரா, சிங்களவரின் புனிதரா என்று யாராவது கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது. இரு மொழி மக்களும் அவரைத் தம்மவர் என்றே கருதுகின்றனர். அவரோ இந்த இரு இனங்களையும் சேராதவர். அந்நியராக வந்த ஒருவர் இரு மக்களுக்கும் எப்படி உரியவரானார் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1676இல் குருவானார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே சுதேசக் குருக்கள் சிலர் கோவாவில் ஒன்றுகூடி வாழத் தொடங்கினர். 1685இல் அவர்களோடு இணைந்த வாஸ் அடிகளார், அக்குழு புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றும் சபையாக உருப்பெற உழைத்தார். பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்படுவது என்னவென்று அவர் தாமே அறிந்திருந்தார்.

அந்நாளில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை துயரமானது. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வென்று மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மக்கள் குருக்கள் இன்றி வாழ்ந்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் ஜோன் என்னும் தம் பணியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். ஐரோப்பியக் குரு ஒருவரால் ஒளிந்து வாழ முடியாத நாட்டில், கூலியாளின் உடையில் ஓர் இந்தியரால் நடமாட முடிந்தது. பிராமண குலத்தவர் வெறுங்காலுடன், கழுத்தில் செபமாலை அணிந்து, யாழ்ப்பாணத்து வீடுகளில் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பிறகு சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் திருப்பலி நிறைவேற்றி, மக்களோடு தமிழில் பேசினார்.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. தமிழ் அறிந்திருந்த அவர், சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். மக்கள் தம் மொழிக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, தாமே அவர்களின் மொழிக்குச் சென்றார்.

அவர் செபிக்க மழை பெய்தது என்ற வரலாற்றை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கின்றோம். ஆனால் அந்தக் கண்டி மன்னரைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தம் சமயம் தழைக்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவர். அவரே, கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய ஒரு கத்தோலிக்கக் குருவுக்குத் தம் நாட்டில் தங்கவும் போதிக்கவும் சுதந்திரம் அளித்தார். தம் நம்பிக்கையில் உறுதியாய் இருப்பவரால் பிறர் நம்பிக்கைக்கும் இடமளிக்க முடியும் என்பதற்கு அம்மன்னர் சாட்சி. இலங்கைத் திருச்சபை மீண்டும் துளிர்த்ததில் ஒரு பௌத்த மன்னருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் வசதி படைத்தோரும் நகரை விட்டு வெளியேறினர். நோயாளிகளை அவர்களின் உறவினரே காட்டில் கைவிட்டனர். அப்போது வாஸ் அடிகளாரும், அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். நோயாளிகளைத் தேடி உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா, சிங்களவரா தமிழரா என்று அவர்கள் கேட்கவில்லை. அரச ஆணையைவிட இந்தப் பணியே மக்களின் மனங்களைத் திறந்தது.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து வந்து இப்பணியில் இணைந்தார். அவர் இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் கண்ணீரோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும், சிங்கள மக்கள் இசைக்கும் பசன் நூலும் அவர் எழுதியவையே. ஒரே ஆண்டவரின் பாடுகளை நினைத்து இரு மக்கள் இரு மொழிகளில் அழுகின்றனர். அந்தக் கண்ணீருக்குச் சொற்கள் தந்தவர் ஒருவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1711 ஜனவரி 16ஆம் நாள் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பில் உயர்த்தினர். அன்று பிற்பகலே திருத்தந்தை பிரான்சிஸ் மடுமாதா திருத்தலத்திற்கும் வந்தார். போருக்கு முன்பும் பின்பும் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக முழந்தாளிடும் இடம் அது.

2019இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 21ஆம் நாளில், அதாவது வாஸ் அடிகளாரின் பிறந்த நாளில் வந்தது. அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபட வந்தவர்களின் இரத்தம் சிந்தப்பட்டது. தமிழரும் சிங்களவரும் மடிந்தனர். அடுத்து வந்த வாரங்களில், அக்குற்றத்தில் எப்பங்கும் இல்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒற்றர் என்ற சந்தேகத்தில் நம் புனிதரே சிறைப்பட்டவர் என்பதை அந்நாட்களில் நாம் நினைத்தோமா?

ஒற்றுமை என்பது எல்லாரும் ஒரே மாதிரி ஆவதன்று. வாஸ் அடிகளார் தமிழரைச் சிங்களவராக்கவில்லை, சிங்களவரைத் தமிழராக்கவும் இல்லை. இருவரிடமும் தாம் நடந்து சென்றார். நாமோ பல வேளைகளில் மற்றவர் முதல் அடி எடுத்து வைக்கட்டும் என்று வாசலிலேயே நிற்கின்றோம். ஒரே பங்கில் தமிழ்த் திருப்பலிக்கு வருவோரும் சிங்களத் திருப்பலிக்கு வருவோரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே கலைந்து செல்கின்றோம். அவர்களின் மொழியில் நலம் விசாரிக்கச் சில சொற்களேனும் கற்போம். அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் நாமும் சென்று பார்ப்போம். நம் புனிதர் செய்ததும் இவைதாம்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.