பலெர்மோவின் பேரரசரும் பிறப்பின் புதிரும்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் பேராலயத்தில், கருஞ்சிவப்புக் கல்லாலான பேழையொன்றில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மனிதருக்குப் பிறப்பால் வருவது எது, வளர்ப்பால் வருவது எது என்ற கேள்வியோடு அவரது பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது.

1194ஆம் ஆண்டு டிசம்பரில் யேசி நகரில் பிறந்த ஃபிரெடெரிக், 1197இல் தந்தையை இழந்தார். மறு ஆண்டு மே மாதம், மூன்று வயதில், பலெர்மோவில் சிசிலியின் அரசராக முடிசூட்டப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் தாயும் காலமானார். தந்தை ஜெர்மானியர், தாய் நார்மன் அரச குலத்தவர். சிறுவன் வளர்ந்த நகரிலோ இலத்தீனும் கிரேக்கமும் அரபும் வழங்கின.

1220இல் ரோமில் பேரரசரான அவர், 1224இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1229இல் எகிப்திய சுல்தானுடன் உடன்படிக்கை செய்து, போரின்றியே ஜெருசலேமைப் பெற்றார். ஆனால் சிசிலியில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம்களை லுச்சேராவுக்கு நாடுகடத்தியவரும் அவரே.

வல்லூறு வேட்டை குறித்து அவர் எழுதிய நூல், நேரில் கண்டதையே நம்பும் அவரது போக்கைக் காட்டுகிறது. கழுகுகள் இரையை மோப்பத்தால் அறிகின்றனவா, பார்வையால் அறிகின்றனவா என்பதை அவற்றின் கண்களை மூடிச் சோதித்தார்.

குழந்தைகளையும் அவர் சோதித்தார் என்று சலிம்பேனே என்ற துறவி எழுதியிருக்கிறார். மனிதரின் இயல்பான மொழி எது என்றறிய, எவரும் பேசாத சூழலில் சிசுக்களை வளர்க்கச் செய்தார் என்றும், அவை இறந்துபோயின என்றும் அத்துறவி கூறுகிறார். அவர் பேரரசரை வெறுத்தவர் என்பதால், வரலாற்றாய்வாளர்கள் இக்கதையை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். முகலாயப் பேரரசர் அக்பரும் இத்தகைய சோதனை நடத்தியதாகவும், அக்குழந்தைகளுக்குப் பேச்சு வரவில்லை என்றும் குறிப்புகள் உள்ளன.

சூழலை முற்றாகப் பறித்துவிட்டால் பிறப்பின் பங்கு தனித்துத் தெரிவதில்லை, குழந்தைதான் சிதைகிறது. இன்றைய அளவுசார் மரபியல் வேறு வழியில் செல்கிறது. ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையரையும் ஏனைய இரட்டையரையும் ஒப்பிட்டு, மக்களிடையேயான வேறுபாடுகளில் மரபணுக்களின் பங்கை அது மதிப்பிடுகிறது. பல மரபணுக்களின் சிறு விளைவுகள் சேர்ந்தே உயரம் போன்ற பண்புகள் உருவாகலாம் என்பதை 1918இல் ரொனால்ட் ஃபிஷர் கணித முறையில் விளக்கினார். 2022இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, உயரத்துடன் தொடர்புடைய சுமார் 12,000 மரபணு மாறுபாடுகளைக் கண்டறிந்தது.

வளமான நாடுகளில் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபு சார்ந்தது எனக் கணிக்கப்படுகிறது. இது தனியொருவரின் உயரத்தைப் பிரித்துச் சொல்லும் கணக்கு அல்ல. மக்கள் கூட்டத்துக்கும் அதன் சூழலுக்கும் உரியது. ஊட்டச்சத்து எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காத இடத்தில் இந்த விகிதமே மாறக்கூடும்.

மொழியின் நிலை இன்னும் தெளிவானது. பேசும் ஆற்றல் மனித இனத்தின் பொதுச் சொத்து. எந்த மொழியைப் பேசுவது என்பதைக் காதில் விழும் பேச்சே தீர்மானிக்கிறது. டொரொண்டோவிலோ பாரிசிலோ பிறக்கும் தமிழ்க் குழந்தையின் குருதியில் தமிழ் இல்லை. வீட்டில் அதனோடு தமிழில் பேசுவோர் இருந்தால்தான் அம்மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

1250 டிசம்பர் 13ஆம் தேதி ஃபிரெடெரிக் மறைந்தார். உடல் பலெர்மோவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் பெயரால் சொல்லப்படும் கதை உண்மையோ பொய்யோ, அதிலுள்ள கேள்விக்கான விடை, பல மொழிகள் ஒலித்த அவரது சிறுவயது நகரிலேயே இருந்தது.