செடியின் துடிப்பை அளந்தவர்

பாளையம்பட்டிக் கரிசலில் பருத்தி வளர்வதை எவரும் கண்ணெதிரே கண்டதில்லை. நேற்றைய செடியோடு இன்றைய செடியை ஒப்பிட்டே அறிகிறோம். 1858இல் வங்கத்தில் பிறந்த ஜகதீச சந்திர போசுக்கு அது போதவில்லை. தூண்டலுக்கு மறுவினை காட்டுதல் உயிரின் இயல்பு; செடிக்கும் அது உண்டென மின்கருவிகளால் காட்ட முனைந்தார் இயற்பியல் பேராசிரியரான போசு. 1901இல் இலண்டன் ராயல் கழகத்தில் உடலியல் அறிஞர் சிலர் அதனை ஏற்கவில்லை. கட்டுரை அச்சேறாமல் கிடந்தது. இயற்பியலார் ஒருவர் தம் எல்லைக்குள் புகுந்ததே அவர்களை உறுத்தியது போலும்! போசு சோரவில்லை. கருவிகளை மேலும் நுட்பமாக்கினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் உருவாயிற்று. புகைபூசிய கண்ணாடியில் செடி தன் வளர்ச்சியைத் தானே புள்ளிகளாகப் பதித்தது. 1917இல் கொல்கத்தாவில் ஆய்வகம் நிறுவினார். 1920இல் அதே கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937இல் மறைந்தார்.