புலாபாய் தேசாய்

புலாபாய் தேசாய் (அக்டோபர் 13, 1877 - மே 6, 1946) இந்திய வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளுக்காக 1945 இல் தில்லி செங்கோட்டையில் (தென்காசியை அடுத்துள்ள செங்கோட்டை அன்று) இராணுவ நீதிமன்றத்தில் வாதாடியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

குசராத்தின் வல்சாத் பகுதியில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, அகமதாபாத்தில் சிலகாலம் ஆசிரியராக இருந்தார். 1905 முதல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1928 இல் பர்தோலி விவசாயிகளின் நிலவரி வழக்கை விசாரணைக் குழு முன் எடுத்துரைத்தார்; வரி குறைக்கப்பட்டது. 1930 இல் காங்கிரசில் இணைந்தார். 1934 இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கு காங்கிரசு உறுப்பினர்களின் தலைவரானார்.

காங்கிரசுத் தலைவர்கள் சிறையிலிருந்த வேளையில், இடைக்கால அரசு அமைப்பது குறித்து முசுலிம் லீக்கின் லியாகத் அலி கானுடன் இவர் பேசி ஓர் உடன்பாடு கண்டார். இரு கட்சிகளும் அதனை ஏற்கவில்லை. 1945 தேர்தலில் காங்கிரசு இவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. அரசியல் வாழ்வு முடிந்து உடல்நலமும் குன்றிய நிலையிலேயே செங்கோட்டை வழக்கு இவரிடம் வந்தது.

செங்கோட்டை வழக்கு

சா நவாசு கான், பிரேம் சாகல், குர்பக்சு சிங் தில்லான் ஆகிய மூவர் மீது, மன்னருக்கு எதிராகப் போர் புரிந்ததாகவும் கொலை தொடர்பாகவும் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நவம்பர் 5, 1945 அன்று தொடங்கியது. காங்கிரசு அமைத்த வழக்கறிஞர் குழுவில் தேஜ் பகதூர் சாப்ரு, கைலாசுநாத் கட்சு, ஆசப் அலி, ஜவகர்லால் நேரு முதலியோர் இருந்தனர். எனினும் வாதத்தின் முழுச்சுமையையும் தாங்கியவர் தேசாயே.

அடிமைப்பட்ட மக்கள் தமக்கென ஓர் அரசை அமைத்து முறைப்படி போர் அறிவித்தால், அப்போரில் ஈடுபட்ட வீரரை உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க இயலாது என்பது இவரது வாதத்தின் மையம். சுதந்திர இந்திய அரசைச் சில நாடுகள் அங்கீகரித்திருந்ததை இதற்குச் சான்றாகக் காட்டினார். அவ்வரசில் அமைச்சராயிருந்த தமிழர் எசு. ஏ. ஐயர் குற்றம் சாட்டப்பட்டோர் தரப்புச் சாட்சிகளுள் ஒருவர். மலாயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர் இப்படையில் சேர்ந்திருந்ததால் தமிழகத்திலும் வழக்கு கூர்ந்து கவனிக்கப்பட்டது. தேசாயின் இறுதி உரை இரண்டு நாட்கள் நீடித்தது. போர்க்கைதியானாலும் மன்னருக்கான விசுவாசம் நீங்காது என்பது அரசுத் தரப்பின் மறுப்பு.

நீதிமன்றம் தேசாயின் வாதத்தை ஏற்கவில்லை. போர் புரிந்த குற்றத்துக்காக மூவருக்கும் ஆயுள்கால நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. ஆனால் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியைக் கருதி, 1946 சனவரித் தொடக்கத்தில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பணிநீக்கமும் ஊதிய நிலுவை இழப்பும் நீடித்தன. விடுதலைக்குப் பின்னரும் இப்படையினர் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. 1972 இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் இவர்களும் இடம்பெற்றனர்.

மறைவு

வழக்கு முடிந்த நான்கு மாதங்களில் தேசாய் காலமானார். மும்பையின் வார்டன் சாலைக்குப் பின்னர் இவரது பெயர் சூட்டப்பட்டது.